அத்திமரத்து மந்தி வாய் மூடிய கோடை

காட்டுக்கு நடுவே பாழடைந்த கோட்டை ஒன்று இருந்தது. கோட்டைக்குள் ஒரு குளம். குளத்துக்கு இறங்கக் கருங்கல் படிகள். படிகளின் தலைமாட்டில் ஒரு கல் மண்டபம். மண்டபத்தின் கூரைமேல் சாய்ந்தாற்போல ஓர் அத்திமரம். அந்த மரத்தில் உச்சி என்றொரு மந்தி தன் குட்டியோடு குடியிருந்தாள்.

உச்சிக்கு முகம் கறுப்பு, உடம்பு சாம்பல் நிறம், வால் உடம்பைவிட நீளம். கோட்டையைக் கட்டிய ராஜா யார், இடித்த ராஜா யார் என்றெல்லாம் அவளுக்குத் தெரியாது. ராஜாக்கள் வந்தார்கள், போனார்கள். அத்திமரம் நிற்கிறது. அதன் மேல்கிளையில் உட்கார்ந்தால் நாலு திசையும் தெரியும். அவளுக்கு அது போதும்.

புல்லுக்குள் புலி வாலை ஆட்டினால்கூட அவள் கண்ணுக்குத் தப்பாது. பார்த்த உடனே கத்துவாள்.

"கக்கர்! கக்கர்! கக்கர்!"

அவ்வளவுதான். தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கும் மான்கள் வாலைத் தூக்கிக்கொண்டு பறந்துவிடும். புலி முகத்தைச் சுளித்துக்கொண்டு திரும்பிப் போய்விடும். தன்னைப் பார்த்துவிட்டார்கள் என்று தெரிந்தபின் எந்தப் புலியும் வீணாக ஓடி மூச்சு வாங்குவதில்லை.

மான்களும் இந்த உதவியை ஓசியில் வாங்கிக்கொள்ளவில்லை. மந்திக்குக் கண் உண்டே தவிர, மூக்கு அவ்வளவு போதாது. மரத்தைவிட்டு இறங்கிவிட்டால் அவள் பாதிக் குருடி. அதிலும் மண்டபத்துக்குள் என்ன இருக்கிறது என்பது மரத்திலிருந்து தெரியவே தெரியாது. கல்கூரை மறைக்கும். அங்கே ஒளிந்திருக்கும் புலியின் வாடையை மானின் மூக்குதான் பிடிக்கும். பிடித்ததும் முன்காலால் தரையை 'டக் டக்' என்று தட்டும். கீழே இறங்கிய மந்தி ஒரே தாவலில் மரத்தில் இருப்பாள்.

மேலே கண், கீழே மூக்கு. இந்த ஏற்பாட்டை யார் எப்போது செய்தார்களோ, தெரியாது. கோட்டை கட்டுவதற்கு முன்பே இருந்திருக்கும்.

மான் கூட்டத்தில் மருளி என்ற பெண்மான்தான் உச்சிக்கு ரொம்ப நெருக்கம். உச்சி மேலிருந்து அத்திப்பழங்களை உதிர்த்துவிடுவாள். மருளி கீழே பொறுக்கித் தின்பாள். இருவரும் ஒரே மழைக்காலத்தில் குட்டி போட்டார்கள். மருளியின் குட்டி துள்ளி. உச்சியின் குட்டி, எந்நேரமும் அம்மாவின் வயிற்றோடு ஒட்டிக்கொண்டே கிடந்ததால், ஒட்டி.

"துள்ளி, தண்ணியில வாய் வைக்கிறதுக்கு முன்னாடி மேலே பாரு!" என்று மருளி தன் குட்டிக்குச் சொல்லிக்கொடுப்பாள். "பெரியம்மா கத்தினா ஓடு. பெரியம்மா சும்மா இருந்தா குடி."

"பெரியம்மா தூங்கிட்டா?" என்று துள்ளி கேட்டது ஒருநாள்.

"உங்க பெரியம்மாவா தூங்குவா? போடி!" என்றாள் மருளி. மேலே இருந்த உச்சிக்குப் பெருமை தாங்கவில்லை. இன்னும் நாலு பழத்தை உதிர்த்துவிட்டாள்.

அந்தக் கோட்டைக்கு மனிதர்களும் வருவார்கள். விடிந்ததும் ஜீப்பில் ஏறிக் காடெல்லாம் புலியைத் தேடுவார்கள். வெயில் ஏறியதும் கோட்டையைப் பார்ப்பார்கள். அதன்பிறகு நகரத்துக்குக் கிளம்பிவிடுவார்கள். அவர்களை அழைத்துவரும் சிவப்புத் தொப்பி வழிகாட்டி, எல்லாக் கூட்டத்திடமும் ஒரே பாட்டைத்தான் பாடுவான்.

"காலையில புலி, மத்தியானம் கோட்டை, சாயங்காலம் டவுன்ல அரண்மனை! மூணும் சேர்ந்ததுதான் நம்ம டூருங்க. கோட்டையும் அரண்மனையும் எங்கேயும் ஓடிடாது. புலி மட்டும் அது இஷ்டத்துக்குத்தான் வரும். என்னைத் திட்டக்கூடாது!"

அவனுக்குக் காது கூர்மை. காட்டுக்குள் உச்சியின் குரல் கேட்டால், "வண்டியைத் திருப்பு! மந்தி கத்துது, புலி அங்கதான்!" என்று குதிப்பான். ஜீப்புகள் புழுதியைக் கிளப்பிக்கொண்டு வரும். வந்து என்ன பயன்? உச்சி கத்திய இடத்தில் புலி எதற்கு நிற்கப்போகிறது? வெறும் படிக்கட்டைப் பார்த்துவிட்டுப் போவார்கள்.

இதையெல்லாம் பார்த்துப் பார்த்து உச்சிக்கு ஒரு விஷயம் புரிந்திருந்தது. காலையில் புலியைப் பார்த்த கூட்டம் சிரித்துக்கொண்டே இறங்கும். தூணைத் தடவும், படியில் உட்காரும், பையைத் திறக்கும். வாழைப்பழம், வேர்க்கடலை, பன்ரொட்டி என்று மரத்தடிக்கு வீசும். புலியைப் பார்க்காத கூட்டமோ ஜீப்பைவிட்டே இறங்காது. "புலியையே காணோம், இந்த இடிஞ்ச சுவத்தைப் பார்த்து என்ன பண்றது? அரண்மனைக்கு விடுங்க!" என்று போய்விடும். அந்தக் கூட்டத்திடமிருந்து ஒரு பழத்தோல்கூட விழாது.

அத்தி காய்த்துத் தொங்கிய நாட்களில் இது அவளுக்கு வேடிக்கையாகத்தான் இருந்தது. அந்த வருஷம் மழை பொய்த்தது. வேடிக்கை போய்விட்டது.

அத்தி பூஞ்சையாகக் காய்த்து, பிஞ்சிலேயே உதிர்ந்தது. இலைகள் சுருண்டன. உச்சியின் கூட்டம் மலைக்கு மேலே இலை தேடிப் போய்விட்டது. கைக்குழந்தையோடு அவ்வளவு தூரம் தாவ உச்சியால் முடியவில்லை. அவள் மட்டும் தங்கிவிட்டாள். கோட்டைக் குளத்தில் மட்டும் கொஞ்சம் தண்ணீர் கிடந்தது. அதனால் மான்களும் தங்கிவிட்டன. அதே காரணத்தால் கொடுவரியும் தங்கிவிட்டான்.

கொடுவரி என்பது அந்தக் காட்டுப் புலி. அகலமான நெற்றி, கனத்த நடை. அவனுக்கும் அந்தக் கோடை கஷ்டகாலம்தான். பதுங்கிப் பதுங்கி வருவான். மேலே உச்சி கத்திவிடுவாள். பசித்த வயிற்றோடு திரும்பிப் போவான்.

ஒருநாள் ஒட்டி பால் குடிக்க முட்டி முட்டிப் பார்த்துவிட்டு அழுதது. பால் இல்லை. உச்சி அதன் முதுகைத் தடவினாள். தடவினால் எலும்பு எலும்பாகக் கைக்குத் தட்டுப்பட்டது.

அன்றைக்கும் கொடுவரி வந்தான். உச்சி கத்தினாள். மான்கள் ஓடின. இந்த முறை அவன் திரும்பிப் போகவில்லை. நேரே மரத்தடிக்கு வந்து நிமிர்ந்து பார்த்தான்.

"ஏய் மந்தி! எனக்கும் உனக்கும் என்ன பகை? உன்னை நான் என்னைக்காவது தொட்டேனா?"

"இல்லீங்க ஐயா."

"பின்னே ஏன் என் சாப்பாட்டைக் கெடுக்கிறே? அந்த மானுங்க உனக்கு என்ன சோறா போடுது?"

'சோறு' என்ற சொல் மட்டும் உச்சியின் மனதில் தங்கிவிட்டது. மரத்தில் ஒட்டி இன்னும் சிணுங்கிக்கொண்டிருந்தது. பசி வந்தால் பத்தும் பறந்து போகும் என்பார்கள். உச்சிக்குப் பறந்து போனது ஒன்றே ஒன்றுதான், காவல்காரியின் நேர்மை. ஆனால் அதன்மேல்தான் மற்ற ஒன்பதும் நின்றுகொண்டிருந்தன.

"ஐயா, ஒரு வார்த்தை" என்றாள் அவள். "மத்தியான வெயிலுக்கு எங்கே படுப்பீங்க?"

"ஓடைப் புதருக்குள்ள. ஏன்?"

"இந்தப் படிக்கட்டுல வந்து படுங்க. நிழலும் இருக்கு, தண்ணியும் இருக்கு. ஜனங்க தூரத்துல நின்னு பார்ப்பாங்க. கிட்டே வரமாட்டாங்க. கோட்டையும் புலியும் ஒரே இடத்துல கிடைச்சா அவங்களுக்குச் சந்தோஷம். அவங்க சந்தோஷமா இருந்தா என் பிள்ளைக்குப் பழம் விழும்."

கொடுவரி மீசையை நக்கிக்கொண்டான். "உன் பிள்ளைக்குப் பழம். சரி. எனக்கு?"

உச்சி சுற்றுமுற்றும் பார்த்தாள். குரலைத் தாழ்த்தினாள்.

"சாயங்காலம் மானுங்க தண்ணிக்கு வரும்போது... நான் கத்தமாட்டேன்."

"ஓ!" என்றான் கொடுவரி.

"ஆனா ஒண்ணு! கிழடு, நொண்டி, நோவு பிடிச்சது, அதுங்களைத்தான் எடுக்கணும். மருளியையும் அவ குட்டியையும் தொடக்கூடாது. வாக்குக் கொடுங்க!"

"கொடுத்தேன் போ!" என்றான் கொடுவரி. வாக்கு கொடுப்பதில் அவனுக்கு என்ன செலவு?

மறுநாள் மத்தியானம் கொடுவரி படிக்கட்டில் கால் நீட்டிப் படுத்தான். முன்னங்கால் இரண்டும் தண்ணீரில் இருந்தன. பின்னால் மண்டபத்துத் தூண்கள். எதிரே வந்த ஜீப் சடாரென்று நின்றது. சிவப்புத் தொப்பிக்காரன் பேச வராமல் கையை மட்டும் நீட்டினான். எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு படம் எடுத்தார்கள்.

"ராஜா மாதிரி உட்கார்ந்திருக்கான் பாருங்க!"

"கோட்டையும் புலியும் ஒரே படத்துல! இதுக்கு மேல என்ன வேணும்?"

நாலு நாளில் சேதி நகரம் வரைக்கும் போய்விட்டது. ஒரு ஜீப் வந்த இடத்தில் பத்து வந்தது. புலி எழுந்து போனதும் அவர்கள் இறங்குவார்கள். கோட்டை வாசலில் நின்று சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிப்பார்கள். மரத்தடியில் பழம் மழையாகப் பொழிந்தது. ஒட்டியின் கன்னம் உப்பியது. உச்சியின் மார்பில் பால் ஊறியது. பெற்றவளுக்கு அதைவிட என்ன வேண்டும்? அவள் மனசாட்சியும் வாழைப்பழம் தின்றுவிட்டுக் கொஞ்சம் கண்ணயர்ந்தது.

முதலில் போனது கிழட்டுக் கொம்பன் என்ற ஆண்மான். கொடுவரி புல்லுக்குள் வயிற்றை இழுத்துக்கொண்டு வருவதை உச்சி பார்த்தாள். வாய் தானாகத் திறந்தது. அவள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். கிழட்டுக் கொம்பன் குனிவதற்கு முன் வழக்கம்போல மேலே பார்த்தது. உச்சி வேறு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

கூட்டம் சிதறி ஓடியது. இருட்டுவதற்குள் மருளி மட்டும் திரும்பி வந்தாள்.

"உச்சிக்கா! நீ பார்க்கலியா?"

"சாயங்கால வெயிலு நேரா கண்ணுல அடிச்சுது மருளி. ஒண்ணும் தெரியல."

"உனக்கு ஒண்ணும் ஆகலியே? கண்ணு வலிக்குதா?"

இந்தக் கேள்விதான் உச்சியை வாட்டியது. மருளி திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. "இல்லை, இல்லை, நீ போய்ப் பிள்ளையைப் பாரு" என்று அனுப்பிவிட்டாள். பிறகு தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள்: 'நான் என்ன பொய்யா சொன்னேன்? யாரையாவது பிடிச்சுக் கொடுத்தேனா? சும்மாதானே இருந்தேன்! கிழம். எப்படியும் இந்தக் கோடையைத் தாண்டியிருக்காது.'

சும்மா இருந்தேன் என்பது நல்ல சாக்கு. எல்லாக் காட்டிலும் அது செல்லும். ஆனால் தண்ணீரில் வாய் வைக்குமுன் மேலே பார்க்கும் மானுக்கு மந்தியின் மௌனம்தான் பேச்சு. 'குடி, பயமில்லை' என்று அவள் ஒவ்வொரு சாயங்காலமும் வாய் திறக்காமலே சொல்லிக்கொண்டிருந்தாள். அது அவளுக்கும் தெரியும்.

அடுத்து ஒரு நொண்டி மான் போனது. அதற்கு அடுத்தது நொண்டியும் இல்லை, கிழடும் இல்லை. நல்ல வாலிப மான். உச்சி மரத்தில் தாழ இறங்கிவந்து கேட்டாள்.

"ஐயா, இது பேச்சுல இல்லியே!"

"இருட்டுல நொண்டி எது, நேர் எது? போ, போ. நாளைக்கு மத்தியானம் சீக்கிரமே வந்து படுக்கிறேன். உனக்கு ரெண்டு பழம் கூட விழும்!" என்றான் கொடுவரி.

அவளும் மேலே ஏறிப் போனாள்.

மான் கூட்டத்தில் சந்தேகம் புகைந்தது. "மரத்துல இருக்கிறவளுக்குக் கண்ணு போச்சு. இந்தக் குளத்தை விட்டுடலாம்" என்றன சில மான்கள். மருளி ஒப்புக்கொள்ளவில்லை.

"அக்கா வயித்துல பிள்ளை இருந்தப்போகூட எனக்காகக் கத்தினவ. அவ கூட்டம் மலைக்குப் போயும் அவ போகல. ஒத்தையில இருந்து எத்தனைதான் பார்ப்பா? நான் என் பிள்ளையைக் கூட்டிக்கிட்டு மரத்தடிக்கே போய்க் குடிக்கிறேன். அவ கண்ணுக்கு நேரா நின்னா அவளுக்கும் சிரமம் இல்லை!"

அன்று சாயங்காலம் மருளி துள்ளியோடு அத்திமரத்துக்கு நேர் கீழே, தண்ணீர் தொடும் படியிலேயே வந்து நின்றாள். பின்னால் கூட்டம் தயங்கித் தயங்கி வந்தது. அதில் நோவுபட்ட கிழமான் ஒன்றும் இருந்தது.

உச்சி மேலே இருந்தாள். கையில் அன்று விழுந்த பழம் இருந்தது. இடதுபக்கத்துப் புல்லில் கொடுவரியின் காது தெரிந்தது. அவன் நகர்ந்தான். கிழமான் நின்ற பக்கமாக நகர்ந்தான்.

'கிழத்தைத்தான் பார்க்கிறார்' என்று நினைத்தாள் உச்சி.

கிழமானையும் தாண்டி நகர்ந்தான். இப்போது அவனுக்கும் மரத்தடிக்கும் நடுவே வேறு மானே இல்லை.

'வாக்குக் கொடுத்திருக்கிறாரே. திரும்பிடுவார். இப்போ கத்தினா நாளைக்குப் படியில படுக்கமாட்டார். ஒட்டிக்கு...'

கீழே துள்ளி தண்ணீரில் வாய் வைக்குமுன் நிமிர்ந்து பார்த்தது.

"அம்மா, பெரியம்மா சும்மாதான் இருக்கா. குடிக்கலாமா?"

"குடி கண்ணு" என்றாள் மருளி.

உச்சி கத்தினாள். உயிர் போகக் கத்தினாள். ஆனால் அந்த நேரத்தில் கொடுவரியின் கால்கள் தரையில் இல்லை.

தூசி அடங்கியபோது படிக்கட்டில் மருளி மட்டும் நின்றாள். அவள் ஓடவில்லை. மேலே பார்த்தாள். உச்சியின் கையில் பாதி தின்ற பழம் இருந்தது. அதைப் பார்த்தாள். அன்று வெயில் யார் கண்ணிலும் அடிக்கவில்லை. மேகம் மூடியிருந்தது.

"மருளி... நான் கத்தினேன்டி..." என்றாள் உச்சி.

மருளி திரும்பி நடந்தாள். அவள் பின்னால் மொத்தக் கூட்டமும் நடந்தது. கோட்டையின் இடிந்த வாசலைத் தாண்டி, காய்ந்த ஓடையைத் தாண்டி, தண்ணீர் இருக்குமோ இருக்காதோ தெரியாத திசையில் அவை போயின. தாகத்தால் சாவது மேல் என்று நினைத்திருக்கும்.

உச்சி மரத்துக்கு மரம் தாவிக் கொடுவரியைத் தேடிப் போய், கிளையில் இருந்தபடியே அழுதாள்.

"வாக்குக் கொடுத்தீங்களே ஐயா! அந்தப் பச்சைப் பிள்ளையைத் தொடமாட்டேன்னு சொன்னீங்களே!"

கொடுவரி முன்காலை நக்கிக்கொண்டிருந்தான். நிதானமாகத்தான் பேசினான்.

"பாயறது என் தொழில். நான் செஞ்சேன். கத்தறது உன் தொழில். நீ ஏன் செய்யல? உன் வாயை நானா வந்து பொத்தினேன்?"

உச்சி தன் மரத்துக்குத் திரும்பினாள்.

மான்கள் போனபின் கோட்டை ஓய்ந்து கிடந்தது. மத்தியானத்தில் ஜீப் சத்தம், மற்ற நேரத்தில் காய்ந்த இலைச் சத்தம். கொடுவரி மட்டும் போகவில்லை. ஜனங்கள் கும்பிடாத குறையாக வந்து பார்க்கிற இடத்தை விட்டுப் போக அவனுக்கு மனமில்லை. ஆனால் புலி பசித்தாலும் புல்லைத் தின்னாது அல்லவா? அவன் விலா எலும்பு தெரிய ஆரம்பித்தது. படுத்திருக்கும்போது அவன் கண் அடிக்கடி மேலே போனது. உச்சியைப் பார்க்கவில்லை. ஒட்டியைப் பார்த்தது.

உச்சி குட்டியை இழுத்து அணைத்துக்கொண்டாள். "இனிமே கீழே இறங்கக்கூடாது, கேட்டியா?" என்றாள்.

ஆனால் ஒட்டி இப்போது வயிற்றோடு ஒட்டிக்கிடக்கிற குட்டி இல்லை. பழம் தின்று வளர்ந்த குட்டி. மரத்தடிதான் அதற்குச் சாப்பாட்டுத் தட்டு. வேறு உணவை அதற்கு உச்சி காட்டவே இல்லை. காட்ட மரத்திலும் எதுவும் இல்லை.

ஒரு காலை நேரம். ஜீப்புகள் இன்னும் வரவில்லை. படிக்கட்டு வெறுமையாக இருந்தது. மண்டபத்து ஓரத்துப் படியில், முந்தின நாள் வீசிய வாழைப்பழம் ஒன்று கறுத்துக் கிடந்தது.

"அம்மா, பழம்!" என்றது ஒட்டி.

உச்சி நாலு திசையும் பார்த்தாள். புல் அசையவில்லை. ஓடையில் எதுவும் இல்லை. படியிலும் இல்லை. மண்டபத்துக்குள் என்ன இருக்கிறது என்றுதான் தெரியவில்லை. கல்கூரை மறைத்தது. குளக்கரையைப் பார்த்தாள். மூக்கை உயர்த்தி நிற்கவோ, முன்காலால் தட்டவோ அங்கே யாரும் இல்லை. மண்டபத்திலிருந்து காற்று வீசியது. அந்தக் காற்றில் என்ன வாடை இருந்ததோ, அவளுக்குத் தெரியவில்லை.

"இரு, நான் முதல்ல..." என்றாள்.

அவள் சொல்லி முடிப்பதற்குள் ஒட்டி இறங்கி ஓடிவிட்டது. பழத்தைக் கையில் எடுத்துவிட்டது. எடுத்து, "அம்மா, உனக்குப் பாதி!" என்று திரும்பிக் காட்டியது.

தூணுக்குப் பின்னாலிருந்து கொடுவரி வந்தான்.

"கக்கர்! கக்கர்! கக்கர்!"

உச்சி கத்தினாள். கிளைக்குக் கிளை தாவிக் கத்தினாள். அவள் வாழ்நாளில் அப்படிக் கத்தியதில்லை. மரம் நடுங்கியது. கோட்டைச் சுவரில் பட்டு அந்தச் சத்தம் திரும்பித் திரும்பி வந்தது. குளக்கரையில் ஒரு குளம்புச் சத்தம் கேட்கவில்லை. "அக்கா, என்னாச்சு?" என்று கேட்க ஒரு குரல் இல்லை. குரல் போய்ச் சேரும் தூரத்தில் ஒரு மானும் இல்லை.

கேட்டவன் ஒரே ஒருவன்தான். காட்டுப் பாதையில் போய்க்கொண்டிருந்த சிவப்புத் தொப்பி வழிகாட்டி.

"வண்டியைத் திருப்பு! ரொம்ப நாள் கழிச்சு மந்தி கத்துது! கோட்டைக்கு விடு!"

ஜீப்புகள் புழுதியைக் கிளப்பிக்கொண்டு வந்தன. இந்த முறை புலி போகவில்லை. ஓட வேண்டிய இரை ஏற்கெனவே அவன் வாயில் இருந்தது. மண்டபத்துப் படியில் நின்று நிதானமாகத் தலையைத் திருப்பினான்.

"ஐயோ, பாருங்க! வாயில இரையோட நிக்குது!"

"தூணு ரெண்டும் தெரியற மாதிரி எடு! சீக்கிரம்!"

"இனி அரண்மனையைப் பார்க்காட்டிக்கூடப் பரவாயில்லை. இந்தப் படம் ஒண்ணு போதும்!"

ஒரு பெண்மணி மட்டும் மரத்தை நிமிர்ந்து பார்த்தாள். "அந்தக் குரங்கு ஏன் இப்படிக் கத்துது?"

"அதுவாங்க?" என்று சிரித்தான் வழிகாட்டி. "ராஜா வந்திருக்கார்ல. அதான் கட்டியம் கூறுது!"

எல்லோரும் சிரித்தார்கள். கொடுவரி புதருக்குள் போனான். உச்சி இன்னும் கத்திக்கொண்டிருந்தாள். குரல் கிழிந்துபோயிருந்தது.

"பாவம், பசிக்குது போல" என்றார் ஒருவர். பையிலிருந்து நல்ல மஞ்சள் பழமாகப் பார்த்து ஒன்றை எடுத்து வீசினார். அது உச்சி இருந்த கிளையில் பட்டு, படியில் விழுந்து, உருண்டு குளத்துக்குள் போனது.

ஜீப்புகள் அரண்மனை பார்க்க நகரத்துக்குக் கிளம்பின.

தம்மை நம்பி நிற்பவர்களுக்கான காவலைத் தம் பிழைப்புக்கு விற்றவர், தமக்கு ஆபத்து வரும்போது எவ்வளவு கத்தினாலும் வேடிக்கை பார்க்கத்தான் ஆள் வரும், காக்க வராது.